இரண்டடி உயரத்திலிருந்து ஒரு வகுப்பறை

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போன டீச்சர் விளக்குமாற்றைத் தேடவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து வாசலில் உதறினார். கரும்பலகைக்கு எதிரே, கடைசி வரிசை வரும் இடத்தில் அதை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

"இப்படி வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் குனிங்க, ஆறு வயசுப் பிள்ளை உயரத்துக்கு. இப்ப சொல்லுங்க, போர்டுல என்ன எழுதியிருக்கு?"

பிற்பகல் மூன்று மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக நேரே பலகையில் விழுந்துகொண்டிருந்தது. பலகை முழுக்க வெள்ளை வெளேரென்று மின்னியதே தவிர, ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"போன வருஷம் இதே இடத்துல ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மத்தியானத்துக்கு மேல போர்டு பக்கமே திரும்ப மாட்டான். கவனமே இல்லாத பிள்ளைன்னு நினைச்சேன். எத்தனை தரம் திட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆகஸ்ட் மாசம் ஒருநாள் அவன் நோட்டைத் திருத்த அவன் பக்கத்துல உட்கார்ந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதனால இந்த வருஷம் முதல் வேலை இதுதான்."

அறையின் எட்டு இடங்களில் பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எந்த மூலையில் மின்விசிறிக் காற்று வரவில்லை, எந்த இடத்தில் தூண் மறைக்கிறது, எங்கே தரை பெயர்ந்து பிள்ளையின் தொடையில் குத்தும் என்று ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டார். தரையில் உட்காரும் ஒரு சிறு பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் இருக்கும். நம் வகுப்பறைகளில் பெரும்பாலானவை ஐந்தடி உயரத்துக் கண்ணுக்காகவே அடுக்கப்படுகின்றன. இந்த ஒரு நோட்டைப் பார்த்ததற்காகவே அந்த ஊருக்குப் போய்வந்தது பயன் என்று நினைத்தேன்.

வட தமிழகத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. பெயர் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய சார்'. ஒன்று முதல் மூன்று வரை டீச்சர் பொறுப்பு. ஒன்றில் 9 பேர், இரண்டில் 7, மூன்றில் 8. மூன்று வகுப்பும் ஒரே அறையில். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று வைத்திருக்கிறது. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் ஒரே மணி நேரத்தில் ஒருத்திக்கு 'அ'வும் இன்னொருவனுக்குப் பத்தி வாசிப்பும் வேறொருத்திக்குக் கடன் வாங்கிக் கழித்தலும் நடக்க வேண்டும். டீச்சர் ஒருவர்தான். அவர் போக முடியாத இடத்தில் அறைதான் பாடம் நடத்தியாக வேண்டும். அதனால்தான் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கறாராக இருக்கிறார்.

வாசலில் தொடங்குவோம். செருப்புகளுக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே வந்ததும் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அட்டை. அதில் 24 பெயர்கள். வந்த பிள்ளை தன் பெயருக்கு நேரே தானே குறி போட வேண்டும். பக்கத்திலேயே வெயில், மேகம், மழை என்று மூன்று படங்கள் உள்ள காலநிலை அட்டவணை. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதன்முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் சொல் பெரும்பாலும் அதன் சொந்தப் பெயராகவே இருக்கிறது. "தன் பேருக்கு மேல இருக்கறது யாரு, கீழ இருக்கறது யாருன்னு ரெண்டாவது வாரமே சொல்லிடுவாங்க. வருகைப் பதிவேட்டை நான் சத்தம் போட்டு வாசிச்சா, எனக்குப் பத்து நிமிஷம் போகும், அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்றார்.

கரும்பலகை இரண்டு. ஒன்று வழக்கமான உயரத்தில். மற்றது சுவரின் அடியை ஒட்டி நீளமாக ஓடும் கீழ்மட்டக் கரும்பலகை. பிள்ளைக்கு ஒரு கட்டம். கோடை விடுமுறையில் இது வெளுத்துப் போய்விடும். எங்கள் காலத்தில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பலகையில் தேய்ப்போம். கை இரண்டு நாளைக்குப் பச்சையும் கறுப்புமாக இருக்கும். இப்போது டப்பாவில் பெயின்ட் கிடைக்கிறது. டீச்சரே தூரிகை எடுத்து அடித்தார்.

இந்தக் கீழ்மட்டப் பலகைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2003-ல் எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், பல வகுப்புகள் ஒன்றாக இருக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய கற்றல் அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படியும்தான் அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் அது தமிழகம் முழுக்கப் பரவியது. ஆசிரியரின் நாற்காலி ஓரத்துக்குப் போனது. ஆசிரியர் தரைக்கு வந்தார். பலகையும் கீழே இறங்கியது. பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் வந்தது. அட்டைகள் கிழிந்துபோனதும், பதிவேடுகள் பெருகியதும், பெற்றோர் 'பாடமே நடத்துறதில்ல' என்று குறைப்பட்டதும் பிறகு நடந்தவை. அவற்றையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் வகுப்பறையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்த அந்த ஒரு காரியத்தை, அதற்குப் பின் வந்த எந்தத் திட்டமும் தாண்டவில்லை என்பது என் கணிப்பு.

இன்னும் பின்னால் போனால், நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்து வந்தது. பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தார் நடத்திய ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, மாணவனையே ஆசிரியனாக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் போனது. நம் டீச்சரின் அறையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் சலித்த மணல் இருக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பையனின் விரலைப் பிடித்து 'ட' எழுத வைப்பாள்.

பொருட்களுக்கு வருவோம். எனக்கு நேரம் போனதே தெரியாத இடம் இதுதான்.

டீச்சரிடம் பிஸ்கட் டப்பா, ஊறுகாய் பாட்டில், இட்லிமாவு வாளி என்று நாற்பது பாத்திரங்கள் இருக்கும். புளியங்கொட்டை எண்ணிக்கைக்கு. ஐஸ் குச்சிகள் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு இடமதிப்புக்கு. பத்துக் கட்டில் ஒன்றைப் பிரித்தால்தான் 32-லிருந்து 7 போகும் என்பதைப் பிள்ளை தன் கையால் பிரித்துப் பார்க்கிறது. 'கடன் வாங்குவது' என்ற சொல் அதற்கப்புறம்தான் வருகிறது. கடை விளையாட்டுக்குச் சோப்பு உறைகள், பழைய பஸ் டிக்கெட்டுகள், அட்டையில் வெட்டிய ரூபாய் நோட்டுகள். எல்லா டப்பாவிலும் பெயரும் படமும் ஒட்டியிருக்கிறது. எடுத்த இடத்தில் திருப்பி வைக்க, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் போதும்.

ஒரு டப்பாவை மட்டும் அவர் தனியே எடுத்துக் கொட்டினார். யாரோ ஒரு பாட்டி ஆசையாகக் கொடுத்தனுப்பிய குன்றிமணி. "பார்க்க அழகு, ஆனா விஷம். கடிச்சு முழுங்கிட்டா ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் அப்படித்தான். சின்ன பிள்ளைங்க கையில எது போனாலும் வாய்க்குப் போகும்னு நினைச்சுத்தான் வைக்கணும்." எண் பயிற்சிக்கு இந்த இரண்டையும் பயன்படுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.

அலமாரி பிள்ளையின் நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோவில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து உலகம் கற்றுக்கொண்டது இது: பிள்ளை யாரையும் கேட்காமல் எடுக்கவும் திருப்பி வைக்கவும் கூடிய உயரம். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அடையாறிலிருந்து கிராமத்துப் பள்ளிக்கு அந்த அலமாரி வந்து சேர ரொம்ப நாளாயிற்று. இங்கே அது கிராமத்துத் தச்சர் ஒருவர் பழைய பெஞ்சை அறுத்துச் செய்துகொடுத்தது.

எத்தனையோ பள்ளிகளில் நல்ல பொருட்கள் உள்ளன; பீரோவுக்குள். அரசு கொடுத்த கணிதப் பெட்டி உறை பிரிக்காமல் இருக்கும். பொருள் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம் அந்தப் பீரோவைப் பூட்டி வைக்கிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் கையாளும் பொருள் தேயும், உடையும், காணாமலும் போகும். ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள அதிகாரிகள் தயங்காமல் அனுமதிக்க வேண்டும். உறை பிரிக்காத பெட்டிதான் உண்மையில் வீணான பெட்டி.

சுவர்களைப் பற்றி டீச்சருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதமே நடந்தது. வாட்ஸ்அப்பில் வரும் வகுப்பறைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ரயில் பெட்டி போலப் பள்ளி, மேகம் தொங்கும் கூரை, ஓர் அங்குலம் விடாமல் கார்ட்டூன். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இழுத்து நிறுத்த அது உதவுகிறது என்றேன். டீச்சர் தன் அறையின் கரும்பலகைச் சுவரைக் காட்டினார். இளம் பச்சை, வேறொன்றும் இல்லை. "நான் பேசறப்ப அவங்க பார்க்க வேண்டிய பக்கம் இது. இதுல பூவும் பொம்மையும் இருந்தா என்னை எதுக்குப் பார்க்கப் போறாங்க?"

ஆய்வு அவர் பக்கம்தான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர் குழு 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாறிமாறிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். வெறும் சுவர் அறையில் 55 விழுக்காடு விடைகள் சரி. அலங்கார அறையில் 42. சிறிய சோதனைதான், அதை வைத்து எல்லாச் சுவரையும் வெள்ளையடிக்க முடியாது. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் குழு 2015-ல் வெளியிட்டது பெரிய ஆய்வு: 27 தொடக்கப் பள்ளிகள், 153 வகுப்பறைகள், 3,766 பிள்ளைகள். ஓராண்டில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் அமைப்போடு அவர்களால் பொருத்த முடிந்தது. அதில் பாதி வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றின் பங்கு. சுவரில் 20 முதல் 50 விழுக்காடு வரை வெறுமையாக விடலாம் என்பதும் அவர்களுடைய பரிந்துரை. மேற்கு ஜன்னலைப் பற்றி டீச்சர் நோட்டில் எழுதியது வெளிச்சம், காற்று, வெப்பம் என்ற அந்தப் பாதியைச் சேர்ந்தது.

ஆகவே டீச்சர் படங்களை எல்லாம் பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் தள்ளியிருக்கிறார். அதிலும் கடையில் வாங்கியது குறைவு. தரையில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: கதவு திறக்கும் வழியில் பெயின்டால் கோணங்கள் குறித்திருக்கிறார்கள். கதவைத் தள்ளினால் 30, 60, 90. டெல்லியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாயி முன்னெடுத்த 'கட்டடமே கற்றல் கருவி' என்ற சிந்தனை வழியாக நாடெங்கும் பள்ளிகளுக்கு வந்தது இது. பெரிய சாருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கோணம் படிக்க இங்கேதான் வருகிறார்கள்.

உட்காரும் முறைக்கு வந்தால், 2025 ஜூலை நினைவுக்கு வராமல் போகாது. மலையாளப் படம் ஒன்றில் வந்த காட்சியைத் தொடர்ந்து, 'ப' வடிவில் இருக்கைகளைப் போடும் பேச்சு கேரளத்தில் கிளம்பியது. கடைசி பெஞ்ச் என்பதே இருக்காது என்பது அதன் நியாயம். தமிழகத்திலும் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு வந்ததும் அது நிறுத்திவைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, எதிர்ப்பிலும் உண்மை உண்டு. ஆனால் டீச்சரைப் பொறுத்தவரை அந்த விவாதமே இந்த வயதுக்கு வேண்டாதது. அவருடைய பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஐந்து முறை இடம் மாறுகிறார்கள். கதைக்கு அரை வட்டம். கணக்குக்கு நாலு நாலு பேராகக் குழு. எழுத்துக்குக் கீழ்மட்டப் பலகைக்கு முன்னால் வரிசை. இடம் மாறும்போது ஒரு பாட்டின் இரண்டு அடி; பாட்டு முடிவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க அவர் பாடமே நடத்துவதில்லை. இதைத்தான் பழக்குகிறார்: பாயை எப்படிச் சுருட்டுவது, தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது, டீச்சர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. அதிகாரி யாராவது அந்த வாரம் பார்வையிட வந்தால் 'சிலபஸ் ஆரம்பிக்கலையா?' என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்தால் மீதி வருடம் முழுக்கச் சத்தம் போட்டே தொண்டை போய்விடும் என்பது அவருடைய பதினெட்டு வருட அனுபவம்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. கதைக்களம், பாடல் களம் என்று அறையில் இடம் ஒதுக்கும் வழக்கமும் அதனோடு வந்தது. நிலைகளை டீச்சர் தன் பதிவேட்டில் வைத்திருக்கிறார். சுவரில் எழுதி ஒட்டவில்லை. ஒரே குழுவாக நிரந்தரமாக உட்கார வைப்பதும் இல்லை. "பூ பேரு வச்சாலும் யாரு கீழ, யாரு மேலன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாதா? நான் வாசிப்புல அரும்பா இருக்கற பையனைக் கணக்குக் குழுவுக்குத் தலைவனா போடுவேன்." இதில் நான் முழுக்க அவர் கட்சி.

இரண்டு பிள்ளைகளுக்கு இடம் முன்பே முடிவாகியிருந்தது. ஒரு காது சரியாகக் கேட்காத சிறுமிக்கு, கேட்கும் காது டீச்சர் பக்கம் இருக்கும்படி ஓரத்தில். இடது கைக்காரப் பையனுக்கு, பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காதபடி இடது முனையில். செங்கல் சூளைக்கு வந்த ஒடியா குடும்பத்துச் சிறுமிக்கு மட்டும் பெயர் அட்டையில் இரண்டு எழுத்து: தமிழ், கீழே ஒடியா. ஒடியா எழுத்தை அவள் அப்பாவிடம் எழுதி வாங்கி வந்து பார்த்து வரைந்திருக்கிறார்.

ஜூலை கடைசியில் மறுபடி போனேன். அறை மாறியிருந்தது. புத்தகங்களை அட்டை தெரியும்படி கயிற்றில் மாட்டிய வாசிப்பு மூலை கதவோரம் இருந்தது. இப்போது பின்சுவருக்குப் போயிருக்கிறது. கதவோரத்தில் சத்துணவு வாசனை வந்ததும் பிள்ளைகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். மணல் தட்டு ஒன்று மூன்றாகியிருந்தது. கடை விளையாட்டை அவர்களே கடைத்தெருவாக்கிவிட்டார்கள். கம்பிப் பந்தலில் 24 படங்கள். நன்றாக வரைந்தவை மட்டும் என்று பொறுக்கி மாட்டவில்லை. எல்லார் படமும் உண்டு. மேற்கு ஜன்னலில் நீலப் பூப்போட்ட பருத்திச் சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. டீச்சருடையது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. சாக்பீஸ், துடைப்பம், பழுது பார்ப்பது எல்லாம் அதில்தான். பணம் கைக்கு வரும்போது பள்ளி திறந்து பல மாதம் ஆகியிருக்கும். ஜூன் முதல் வாரச் செலவு டீச்சர் கைக்காசு. இந்த மானியம் மே மாதமே பள்ளிக்கு வந்து சேர வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன் ஒரு வாரமாவது பயிற்சி, கணக்கெடுப்பு என்று அழைக்காமல் ஆசிரியரை அவருடைய அறையோடு விட வேண்டும். புதுத் திட்டம் வரும்போதெல்லாம் பழைய சுவரை அழித்துப் புதிதாக எழுதச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராதீர்கள். உங்கள் பிள்ளை உட்காரும் பாயில், அது உட்காரும் இடத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து கரும்பலகையைப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால், அந்த ஜன்னலுக்கு ஒரு கதவு போட என்ன செலவாகும், யார் செய்வது என்று அன்றைக்கே பேசித் தீர்மானத்தில் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.